ரவுண்டு 1-ல லீடிங்னா ஜெயிச்சாச்சா? வாக்கு எண்ணிக்கையைப் படிப்பது எப்படி

2021 மே 2 ஞாபகம் இருக்குங்களா? ஞாயித்துக்கிழமை. கொரோனா இரண்டாம் அலை. தமிழ்நாடு முழுக்க ஞாயிறு ஊரடங்கு. வாக்கு எண்ணிக்கை நாள்னா குண்டடம் மாதிரி ஊர்ல டீக்கடை பெஞ்சுதான் ஸ்டூடியோ. அன்னைக்கு அந்த பெஞ்சும் காலி. எல்லாரும் வீட்டுக்குள்ள, ஒரு கண் டிவியில, ஒரு கண் போன்ல.

குண்டடம் தாராபுரம் (தனி) தொகுதியில வருது. அன்னைக்கு அந்தத் தொகுதி சாதாரணத் தொகுதி இல்ல. பாஜக மாநிலத் தலைவர் எல். முருகன் ஒரு பக்கம், திமுகவின் என். கயல்விழி செல்வராஜ் இன்னொரு பக்கம். கடைசிக் கணக்கு: கயல்விழி 89,986. முருகன் 88,593. வித்தியாசம் 1,393 ஓட்டு. தோற்றவர் அடுத்த இரண்டே மாதத்தில் மத்திய இணை அமைச்சர் ஆனார். ஜெயித்தவர் தமிழ்நாட்டு அமைச்சர் ஆனார்.

அந்த நாள் முழுக்க டிவி ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தது: முன்னிலை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், அது எப்போ நம்பத் தகுந்தது, எப்போ வெறும் சத்தம்? புள்ளியியல் பேப்பரை அரியர் இல்லாம தாண்டினவங்க கூட இதை யோசிச்சுப் பார்த்திருக்க மாட்டோம். இந்தக் கட்டுரை அதுக்குத்தான். கட்சி அரசியல் இதுல இல்லீங்க. எண்ணுற வேலையைப் பத்தி மட்டும் பேசுவோம்.

பெட்டியில் இருந்து பட்டன் வரைக்கும்

முதல்ல கொஞ்சம் வரலாறு. சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் இரண்டு பொதுத் தேர்தல்களில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலையே கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும். உங்க ஆளோட பெட்டியில சீட்டைப் போட்டுட்டு வர வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பேரை மனசில் வைத்துச் செய்த ஏற்பாடு. சின்னங்களை அச்சடித்த சீட்டில் முத்திரை குத்தும் முறை அதுக்கு அப்புறம்தான் வந்தது.

அந்தக் காகிதக் காலத்தில் முடிவு தெரிய ராத்திரி முழுக்கக் கூட ஆகும். சீட்டுகளைப் பிரித்து, செல்லாததை ஒதுக்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, கையால் எண்ண வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு வானொலிச் செய்திதான் வழி. டவுன்ல இருந்தா பத்திரிகை ஆபீஸ் வாசல்ல போர்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தொகுதியாக சாக்பீஸில் எழுத எழுத, கூட்டம் ஒருமுறை ஆரவாரம் போடும், ஒருமுறை அமைதியாகும். 1967ல் விருதுநகரில் காமராஜர் தோற்ற செய்தியும் அப்படித்தான் ஊர் ஊராகப் போனது. அவரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டு. கவனிச்சீங்களா, நம்ம தாராபுரம் கணக்குக்குப் பக்கத்துல வர்ற எண்.

கையால் எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் கவனிக்க வைக்க மொத்தமாக வேட்புமனு போட்டார்கள். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சாகி வந்தது. அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வருவார்.

மெஷின் கதை கேரளாவில் தொடங்குகிறது. 1982ல் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மட்டும் மின்னணு எந்திரத்தைச் சோதனையாக வைத்தார்கள். தோற்ற வேட்பாளர் கோர்ட்டுக்குப் போனார். எந்திரம் சரியா தப்பா என்பது பிரச்சினை இல்லை, அதைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமே இல்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 50 இடத்திலும் காகிதத்தில் மறு வாக்குப்பதிவு நடந்தது. முடிவே மாறியது. பிறகு சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் எந்திரத்தில் நடந்தது.

எண்ணும் வேலை இப்படிச் சுருங்கச் சுருங்க, காட்டும் வேலை விரிந்துகொண்டே போனது. சன் டிவி 1993ல் வந்தது. அடுத்து 24 மணி நேரச் செய்தி சேனல்கள், தொடுதிரை, வரைபடம், நான்கு மூலையில் நான்கு பேர் சண்டை. இப்போ யூடியூப் நேரலை, வாட்ஸ்அப் ஃபார்வர்டு. போர்டில் சாக்பீஸ் எழுதின காலத்தில் ஒரு தொகுதிக்கு ஒருமுறைதான் எண் வரும், அதுவும் முடிந்த எண். இப்போ நிமிஷத்துக்கு ஒருமுறை எண் வருது. அதில் பெரும்பாலானது முடியாத எண். வேகம் கூடியது திரையில்தான். ஹாலுக்குள் நடக்கும் வேலை இன்னமும் ரவுண்டு ரவுண்டாக, பேப்பரும் பேனாவுமாகத்தான் நடக்குது.

ஹாலுக்குள்ள என்ன நடக்குது?

எண்ணும் இடம் பெரும்பாலும் நம்மள மாதிரி ஒரு காலேஜ்தான். 2021ல் தாராபுரம் தொகுதியின் எண்ணிக்கை திருப்பூர் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியில். கோவை மாவட்டத்துக்கு ஜிசிடி. மக்களவைத் தேர்தல் என்றால் தாராபுரம் ஈரோடு தொகுதிக்குள் வரும், அப்போ சித்தோடு அரசு பொறியியல் கல்லூரி. நீங்க இன்டர்னல் எழுதுற ஹாலில் ஒரு எம்எல்ஏ உருவாகியிருக்கலாம்.

காலை 8 மணிக்கு முதலில் தபால் ஓட்டு. 8.30க்கு எந்திரங்கள். ஹாலில் வழக்கமாக 14 மேஜை. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு மேற்பார்வையாளர், ஒரு உதவியாளர், ஒரு நுண் பார்வையாளர். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள், மேஜைக்கு ஒருவர். அவர்கள் கையில் போன் இருக்கக் கூடாது. பேப்பர், பேனா மட்டும்.

ஸ்ட்ராங் ரூமில் இருந்து மேஜைக்கு வருவது கன்ட்ரோல் யூனிட். நாம பட்டன் அழுத்துற பேலட் யூனிட் இதுக்குத் தேவையில்லை. வந்த எந்திரத்தின் எண்ணையும் சீலையும் ஏஜென்ட்டுகளுக்குக் காட்ட வேண்டும். அடுத்து படிவம் 17சி. இந்தப் பெயரை அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க. வாக்குப்பதிவு முடிந்த அன்னைக்கு சாயங்காலமே, அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதி, அங்கே இருந்த கட்சி ஏஜென்ட்டுகளுக்கு ஒரு பிரதி கொடுத்திருப்பார்கள். எண்ணிக்கை நாளில் எந்திரம் காட்டும் மொத்தமும் அந்தப் பேப்பரில் இருக்கும் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகுதான் ரிசல்ட் பட்டன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை என்று திரையில் வரிசையாக வரும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் எழுதிக்கொள்வார்கள்.

14 மேஜையும் முடிந்தால் ஒரு ரவுண்டு. தேர்தல் நடத்தும் அலுவலர் கூட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, அறிவித்த பிறகே அது அதிகாரப்பூர்வ எண். அதைக் கணினியில் ஏற்றினால்தான் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வரும். டிவிக்காரர்கள் அதுவரை காத்திருப்பதில்லை. ஊடக அறையில் இருக்கும் நிருபர், வெளியே வரும் ஏஜென்ட், கட்சி ஆபீஸ் என்று எல்லா வழியிலும் எண் கேட்டு வாங்கி முன்னாடியே போட்டுவிடுவார்கள். இரண்டு சேனலில் ஒரே நேரத்தில் இரண்டு வேறு எண் ஓடுவதற்குக் காரணம் இதுதான். சதி எதுவும் இல்லை, அவசரம்தான்.

லீடிங் கணக்கு: ஒரு பனியன் உதாரணம்

இப்போ முக்கியமான பாடத்துக்கு வர்றோம்.

பனியன் கம்பெனியில வேலை பார்த்த சொந்தக்காரங்க யாராவது நம்ம வீட்ல இருப்பாங்க. அவங்ககிட்ட கேளுங்க, பையரோட க்யூசி ஆள் ஷிப்மென்ட் செக் பண்ண வந்தா மேல இருக்கிற பெட்டியை மட்டும் பிரிச்சுப் பார்ப்பாரான்னு. மாட்டார். அடியில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மூலையில ஒண்ணுன்னு அவர் இஷ்டத்துக்கு எடுப்பார். அப்படி எடுத்தால்தான் சின்ன மாதிரியை வைத்து மொத்த லாட்டையும் மதிப்பிட முடியும். மேல் பெட்டி எல்லாம் ஒரே லைன்ல, ஒரே டெய்லர் தைத்ததாக இருக்கலாமே.

வாக்கு எண்ணிக்கையின் முதல் ரவுண்டு அந்த மேல் பெட்டி மாதிரி. சாவடிகளை வரிசை எண் படி எண்ணுகிறார்கள். வரிசை எண் ஊர் வாரியாகப் போகும். ஒரு பக்கத்து ஊர்கள் முதல் ரவுண்டுகளில், இன்னொரு பக்கத்து ஊர்கள் கடைசி ரவுண்டுகளில் வரும். குண்டடம் பக்கத்து விவசாயி, தாராபுரம் டவுன் கடைக்காரர், மூலனூர், கன்னிவாடி பக்கத்து ஆடு மாடு வளர்ப்பவர், எல்லாரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்களா? அதனால முதல் ஐந்து ரவுண்டு என்பது மொத்தத் தொகுதியின் மாதிரி கிடையாது. அது தொகுதியின் ஒரு மூலை.

ஒரு கற்பனைத் தொகுதி எடுத்துக்கலாம். 308 சாவடி. ஒரு சாவடிக்கு 600 ஓட்டு. 308ஐ 14ஆல் வகுத்தால் சரியாக 22 ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 8,400 ஓட்டு. இரண்டே வேட்பாளர்கள். ஒருத்தருக்கு கோடு போட்ட பனியன் சின்னம், இன்னொருத்தருக்கு கட்டம் போட்ட பனியன்.

முதல் 8 ரவுண்டு கோட்டுக்காரர் பலமாக இருக்கும் பகுதி. 55க்கு 45. ரவுண்டுக்கு 840 ஓட்டு முன்னிலை. 8 ரவுண்டு முடியும்போது அவர் 6,720 ஓட்டு முன்னாடி இருப்பார்.

மீதி 14 ரவுண்டு கட்டத்துக்காரர் பகுதி. 54க்கு 46. ரவுண்டுக்கு 672 ஓட்டு வீதம் அந்த இடைவெளி குறையும். 6,720ஐ 672ஆல் வகுத்தால் 10. ஆக 18வது ரவுண்டு முடியும்போது இருவரும் சமம். 19வது ரவுண்டில்தான் கட்டம் முதல்முறையாக முந்துகிறார். 22வது ரவுண்டு முடிவில் 2,688 ஓட்டில் ஜெயிக்கிறார்.

டிவியில் இது எப்படித் தெரிந்திருக்கும்? காலை 9 மணியில் இருந்து 17 ரவுண்டு வரைக்கும் "கோடு தொடர்ந்து முன்னிலை". சாயங்காலம் "திடீர் திருப்பம்". வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் என்ன நினைப்பார்? "நடுவுல என்னமோ பண்ணிட்டானுகப்பா." ஒரு ஓட்டு கூட மாறலீங்க. ஓட்டெல்லாம் பல நாளுக்கு முன்னாடியே எந்திரத்துக்குள்ள உறைந்து போய்க் கிடந்தது. திறந்து பார்த்த வரிசை மட்டும்தான் இந்தத் திருப்பத்தை உருவாக்கியது.

நிஜ உதாரணம் வேணுமா? அதே 2021, கோவை தெற்கு. கமல்ஹாசன் பல ரவுண்டுகள் முன்னிலையில் இருந்தார். கடைசியில் வானதி சீனிவாசன் 1,728 ஓட்டில் ஜெயித்தார். அன்னைக்கு மதியம் வாழ்த்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு ராத்திரி அழிச்சவங்க நம்ம காலேஜ்லயே இருப்பாங்க.

மாநில அளவிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2021ல் திமுக 133 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்தது. ஆனால் திருப்பூர் மாவட்டத்தின் 8 தொகுதியில் 5 அதிமுகவுக்குப் போனது. தாராபுரம், காங்கேயம், திருப்பூர் தெற்கு மூன்றும்தான் திமுகவுக்கு. "மாநிலம் முழுக்க இந்த அலை" என்று ஸ்டூடியோவில் சொல்வதை வைத்து உங்க தொகுதியைக் கணிக்க முடியாது.

அப்போ முன்னிலையை எப்போதான் நம்புறது? ஒரு எளிய சோதனை இருக்கு. முன்னிலை எவ்வளவு என்று பார்க்கும்போதே, இன்னும் எண்ண வேண்டிய ஓட்டு எவ்வளவு என்றும் பாருங்க. மீதி 50,000 ஓட்டு இருக்கும்போது 3,000 முன்னிலை என்பது, அந்த மீதியில் 53க்கு 47 என்று எதிர்ப்பக்கம் விழுந்தாலே கரைந்துவிடும். மீதி 5,000 இருக்கும்போது அதே 3,000ஐக் கரைக்க 80க்கு 20 வேண்டும். திரையில் ரவுண்டு எண் போடாமல் வெறும் "முன்னிலை" என்று வந்தால், அதை ஸ்கோர் தெரியாத கிரிக்கெட் மாதிரி எடுத்துக்கோங்க. எத்தனை ஓவர் மீதி என்று தெரியாமல் யார் ஜெயிக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

தபால் ஓட்டும் அப்படித்தான். காலை 8.10க்கு வரும் முதல் முன்னிலை பெரும்பாலும் அதில் இருந்து வருவது. தேர்தல் பணிக்குப் போன அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், வயதானவர்கள் போட்டது. தொகுதியின் சராசரி வாக்காளர் அவர்கள் இல்லை.

1,393ஐப் பிரிச்சுப் பார்க்கலாம்

தாராபுரத்துக்குத் திரும்பி வருவோம். 1,393 என்பது பெரிய எண்ணா? மொத்தம் பதிவான ஓட்டில் அது 0.7 சதவீதம் அளவு. ஒரு தொகுதிக்கு 300 சாவடி என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், ஒரு சாவடிக்கு ஐந்து ஓட்டு கூட வித்தியாசம் இல்லை. இன்னும் நெருக்கிப் பார்த்தால், ஜெயித்தவருக்குப் போட்டவர்களில் 697 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவே ஒரு ஓட்டில் மாறியிருக்கும். சாவடிக்கு இரண்டு மூன்று பேர். ஒரு வீட்டு ஆட்கள்.

அந்த ஆண்டு இதை விடக் குறைந்த வித்தியாசமும் உண்டு. சென்னை தியாகராய நகரில் 137. காட்பாடியில் துரைமுருகன் ஜெயித்தது 746ல். மொடக்குறிச்சியில் 281 ஓட்டில் பாஜகவின் சி. சரஸ்வதி ஜெயித்தார். தோற்றவர் யார் தெரியுமா? 1996ல் அதே தொகுதியில் 1,033 பேர் போட்டியில் ஜெயித்த அதே சுப்புலட்சுமி ஜெகதீசன். புத்தகம் மாதிரி வாக்குச்சீட்டைத் தாண்டி வந்தவரை 281 ஓட்டு நிறுத்தியது.

ஆனால் இந்தப் பாடத்துக்கு ஏற்ற கேஸ் ராதாபுரம், 2016. அதிமுகவின் இன்பதுரை 69,590. திமுகவின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. தபால் ஓட்டில் 203 செல்லாது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. காரணம், அந்த ஓட்டுகளோடு வைத்த உறுதிமொழியில் சான்றொப்பம் போட்டவர் பள்ளித் தலைமை ஆசிரியர், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது. 49 ஓட்டு வித்தியாசத்தில் 203 ஓட்டு எவ்வளவு பெரியது பாருங்க! அப்பாவு உயர் நீதிமன்றம் போனார். 2019 அக்டோபரில், அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று ரவுண்டுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவு வந்தது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஐந்து ஆண்டும் அப்படியே ஓடிப் போனது. 2021ல் அதே ராதாபுரத்தில் ஜெயித்து அப்பாவு சபாநாயகர் ஆனார்.

இதில் பாடம் என்னன்னா, எண்ணிக்கை ஹாலில் அந்த நிமிஷத்தில் எழுப்பாத ஆட்சேபத்தைப் பிறகு கோர்ட்டில் பிடிக்க வருஷக்கணக்காகும். மறு எண்ணிக்கை வேணும்னா முடிவை அறிவிப்பதற்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்தல் வழக்கு போட 45 நாள்தான் கெடு. டிவி முன்னாடி கத்துவதை விட, கம்பி வலைக்குப் பின்னாடி நின்று சரியான நேரத்தில் ஒரு மனு எழுதும் ஆள் முக்கியம்.

மெஷினை நம்பலாமா? நீங்களே கணக்குப் போடுங்க

இந்தக் கேள்வி எல்லா ஹாஸ்டல் ரூமிலும் வரும். "நம்பு", "நம்பாதே" என்று சொல்வதை விட, சோதனை எப்படி நடக்குது என்று பார்ப்பது இன்ஜினியருக்கு அழகு.

நீங்க பட்டன் அழுத்தியதும் பக்கத்து விவிபேட் எந்திரத்தில் ஒரு சீட்டு ஏழு நொடி தெரிந்து, உள்ளே விழும். எந்திர எண்ணிக்கை முடிந்த பிறகு, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் குலுக்கல் முறையில் 5 சாவடியைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சீட்டுகளைக் கையால் எண்ணி எந்திரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். 2019ல் உச்ச நீதிமன்றம் சொன்ன எண்ணிக்கை இது. எண்ணும் இடம் பேங்க் கேஷியர் கூண்டு மாதிரி வலை போட்டு இருக்கும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் சீட்டுக் கணக்கே செல்லும்.

5 போதுமா? 300 சாவடியில் 3 எந்திரம் தப்பு என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் எடுத்த 5ல் அந்த மூன்றில் ஒன்றாவது மாட்டும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். குறைவுதான். ஆனால் இதே அளவு தப்பு 234 தொகுதியிலும் இருந்தால், எங்கேயுமே மாட்டாமல் தப்பிக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஏழு அளவு. ஆக, மாநிலம் முழுக்கப் பரவலான தில்லுமுல்லைப் பிடிக்க இந்தச் சோதனை நல்ல பலமானது. ஒரே ஒரு நெருக்கமான தொகுதியில் இரண்டு மூன்று எந்திரத்தில் இருக்கும் கோளாறைப் பிடிக்கப் பலவீனமானது. இரண்டு பக்கமும் சண்டை போடுகிறவர்கள் இந்த இரண்டு பாதியில் ஆளுக்கு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா விவிபேட் சீட்டையும் எண்ணச் சொல்ல மறுத்தது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர்கள் கேட்டால், தொகுதிக்கு 5 சதவீத எந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்க வழி திறந்துவிட்டது. முடிவு வந்து 7 நாளுக்குள் கேட்க வேண்டும்.

காகிதம் திரும்ப வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு சண்டிகர் மேயர் தேர்தலை ஞாபகப்படுத்தலாம். 2024 ஜனவரி 30. காகித ஓட்டு. தேர்தலை நடத்திய அதிகாரியே 8 சீட்டில் கிறுக்கிச் செல்லாததாக்கினார். கேமராவில் பதிவானது. மூன்று வாரத்தில் உச்ச நீதிமன்றம் முடிவை மாற்றியது. காகிதமோ எந்திரமோ, காப்பாற்றியது பார்த்துக்கொண்டிருந்த கண்தான்.

எந்திரத்தில் நாம் இழந்த ஒன்றும் உண்டு. காகிதக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரியாது. இப்போ சாவடி வாரியாகப் படிவம் 20ல் எல்லாம் வெளியாகிறது. சோதிக்க வசதிதான். ஆனால் ஒரு சின்ன ஊரில் ஒரே சாவடி இருந்தால், "உங்க ஊர்ல எங்களுக்கு எத்தனை விழுந்துச்சுன்னு தெரியும்" என்று ரோடும் தண்ணியும் கேட்கப் போகும்போது ஒருத்தர் சொல்ல முடியும். 14 எந்திரத்தை இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் முன்வைத்தது, சட்ட ஆணையமும் 2015ல் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. வெளிப்படைத்தன்மை ஒரு பக்கம், ரகசியம் ஒரு பக்கம். நீங்க டிசைன் பண்ணினா எதை விட்டுக்கொடுப்பீங்க? நல்ல புராஜெக்ட் தலைப்பு இது.

அடுத்த எண்ணிக்கை நாளில் செய்ய வேண்டியது

1. டிவி ஓடட்டும், பக்கத்தில் தேர்தல் ஆணைய இணையதளமும் திறந்திருக்கட்டும். இரண்டும் மாறினால் ஆணையத்தின் எண்ணையே குறித்துக்கொள்ளுங்க.

2. ஒரே ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுங்க. ரவுண்டு எண், முன்னிலை, மீதி ஓட்டு என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்க. முன்னிலையை மீதியால் வகுத்துக்கிட்டே வாங்க. முடிவு எப்போ உறுதியாகுது என்று உங்களுக்கே தெரியும், ஸ்டூடியோ சொல்ல வேண்டியதில்லை.

3. பத்து ரவுண்டு முடியாமல் வாழ்த்தும் வேண்டாம், வசையும் வேண்டாம், ஃபார்வர்டும் வேண்டாம்.

4. முடிவு வந்த பிறகு தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20 வரும். இறக்கி, உங்க சாவடியைத் தேடிப் பாருங்க. உங்க அம்மா, அப்பா, நீங்க போட்ட ஓட்டு அந்த வரியில இருக்கும்.

5. 18 வயசு ஆச்சுன்னா ஏதாவது ஒரு வேட்பாளரின் ஏஜென்ட்டாக உள்ளே போகலாம். கட்சிப் பற்று இருந்தா அதைக் காட்ட ஸ்டேட்டஸை விட அது நல்ல இடம். காலை 8 மணியில் இருந்து கம்பி வலைக்குப் பின்னாடி நின்று எண் எழுதுவது போர் அடிக்கும். ஆனா அந்தப் பேப்பர்தான் மொத்தக் கதையையும் தாங்குது.

2021 மே 2 அன்னைக்கு எல்லாருடைய கண்ணும் திரையில். அதே நேரம் திருப்பூரில் ஒரு காலேஜ் ஹாலில், மாஸ்க் போட்டு, கொரோனா நெகட்டிவ் சான்றோ இரண்டு டோஸ் தடுப்பூசிச் சான்றோ காட்டிவிட்டு உள்ளே போன சில பேர், மேஜைக்கு மேஜை எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்கள். வெற்றி ஊர்வலத்துக்கும் தடை என்பதால் வெளியே பட்டாசு, மேளம் எதிர்பார்க்க வழியில்லை. 1,393 என்ற எண்ணைச் சந்தேகம் இல்லாமல் நாம் இன்னைக்கு எழுத முடிவதற்கு அவங்க எழுதின பேப்பர்தான் காரணம்.

அடுத்த முறை பெஞ்சு காலியா இருக்காது. டீக்கடையில் யாராவது "முதல் ரவுண்டுலயே நம்மாளு லீடிங்குப்பா" என்று குதிச்சா, ஒரு டீ சொல்லிட்டு மெதுவாக் கேளுங்க: "சரிங்ண்ணா, இன்னும் எத்தனை ரவுண்டு இருக்குங்க?"